சேலைக்கு இல்ல அந்தப் பெருமூச்சு

ஜனகராஜ் கொட்டாவி விட்டால் அது அவரோடு நிற்காது. பட்டுப் பிரிவில் அவர் வாயைப் பிளந்தால், எதிரே சம்மணம் போட்டுச் சேலை பார்க்கிற அம்மா பிளப்பார். அவருக்குப் பக்கத்தில் இருக்கிற நாத்தனார் பிளப்பார். கடைசியாகப் பையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்கிற வீட்டுக்காரர். அந்த மனுசனுக்கு மட்டும் தனியாகத் தொத்த வேண்டியதில்லை, சேலைக்கடைக்குள் கால் வைத்ததுமே அவருக்கு வந்துவிடும்.

விளக்குத்தூண் பக்கம் இருக்கிற ஒரு ஜவுளிக்கடையில், கல்யாணப் பட்டு விற்கிற மாடியில் ஜனகராஜ் மூத்த விற்பனையாளர். வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம், கடையில் மதுரைத் தமிழ், வடக்கே இருந்து கூட்டம் வந்தால் கைச்சாடையோடு கொஞ்சம் இந்தி. ஒரு பொம்பளை படியேறி வரும்போதே இவளுக்கு மாம்பழக் கலர், இவளுக்கு மயில்கழுத்து என்று மனசுக்குள் முடிவு கட்டிவிடுவார். தப்பாது.

போன ஆடித் தள்ளுபடியில்தான் இந்தச் சனியன் பிடித்தது. மூச்சு உள்ளே போகும். ஆனால் அடிவரைக்கும் போய்ச் சேராது. குடம் முக்கால் நிறையும்போது குழாயில் தண்ணீர் நின்ற மாதிரி. மிச்சம் கால் குடத்துக்காகத் தோளைத் தூக்கி, கழுத்தை நீட்டி இழுப்பார். ஒரு சமயம் கிடைக்கும். "அப்பாடா" என்று இருக்கும். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் முக்கால் குடம். இழுத்து இழுத்துக் கிடைக்காதபோது கொட்டாவி துணைக்கு வரும். கொட்டாவி வந்தால் வாய்க்கு நேரே சொடக்குப் போடுவது அவர் வீட்டுப் பழக்கம். அதனால் மாடி முழுக்க ஒரே சொடக்குச் சத்தம்.

"என்னய்யா, என்னையவா சொடக்குப் போட்டுக் கூப்பிடுற?" என்று மேலூர்க்காரம்மா ஒருத்தர் சண்டைக்கே வந்துவிட்டார்.

கொட்டாவியையாவது தூக்கம் என்று சொல்லித் தப்பிக்கலாம். பெருமூச்சுக்கு என்ன சொல்வது? நம்ம ஊரில் பெருமூச்சு சும்மா விடுகிற சாமானா? பக்கத்து வீட்டுக்காரன் மாடி எழுப்பினால் விடுவது, கொழுந்தியா புருசன் கார் வாங்கினால் விடுவது. பெருமூச்சு விட்டவன் போன பிறகு உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிப் போடாத வீடு உண்டா?

கடையில் இதனால் வினோதமெல்லாம் நடந்தது. விலை குறைந்த சேலையை ஒரு அம்மா ஆசையாக எடுத்து மடியில் வைப்பார். சரியாக அந்த நேரத்துக்கு ஜனகராஜ் தோளைத் தூக்கி ஒரு மூச்சு விடுவார். அந்தம்மாவுக்கு முகம் சுண்டிப்போகும். "இத விட நல்லதா எடுங்க" என்று வீம்புக்கு மேல் விலையில் எடுத்துப் போவார். முதலாளிக்கு வாயெல்லாம் பல். ஆனால் நல்ல கனமான ஜரிகைச் சேலையைத் தோளில் போட்டுக் கண்ணாடி பார்க்கிறபோதும் அதே மூச்சு வந்து தொலைக்கும். "நல்லா இல்லபோலயே" என்று அதை உருவிப் போட்டுவிட்டு எழுந்து போன கூட்டமும் உண்டு. அப்போது முதலாளிக்குப் பல் தெரியாது.

அதே மாடியில் எதிரே நூல் சேலைப் பிரிவில் நிற்கிற சத்தியசீலன் அவருக்குச் சேக்காளி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக் குழுவில் பாடுகிறவர், அதனால் மூச்சைப் பற்றித் தனக்குத்தான் எல்லாம் தெரியும் என்கிற நினைப்பு.

"மாப்ள, ஒன் மூச்சுக்குத் தனியா கமிசன் கேளு. ஒன் வாயி பேசி விக்கிறத விட மூக்கு விக்கிறது சாஸ்தி."

"நீ வேற. நெஞ்சுல என்னமோ இருக்குப்பா."

"நெஞ்சுல ஒண்ணும் இல்ல. கேஸு."

மதுரையில் எல்லாமே கேஸ்தான். ஓம வாட்டர் குடித்தார். இஞ்சிச் சாறு குடித்தார். பன்னீர் சோடா, சீரக சோடா எல்லாம் குடித்ததில் ஏப்பமும் சேர்ந்துகொண்டது. கொட்டாவி, பெருமூச்சு, ஏப்பம் என்று மூன்றும் முறை வைத்து வந்தன. மனைவி நாகமணி எலுமிச்சம்பழம் சுற்றி முச்சந்தியில் போட்டார். அது நசுங்கியதே தவிர மூச்சு இறங்கவில்லை.

மகள் இந்துப்ரியா ரத்தம் சோதிக்கிற லேபில் வேலை பார்க்கிறவள். அப்பாவின் ரத்தத்தை அவளே எடுத்துப் பார்த்தாள். "ரத்தம் நல்லாத்தான்ப்பா இருக்கு. வாயத்தான் தைக்கணும்" என்றாள். அப்புறம் அவளே கோரிப்பாளையத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனாள். ஈசிஜி, எக்ஸ்ரே எல்லாம் பார்த்துவிட்டு டாக்டரம்மா சிரித்தார்.

"நீங்க காத்தக் கம்மியா இழுக்கலய்யா, அதிகமா இழுக்குறீங்க. நெறஞ்ச பீரோவுல இன்னும் நாலு சேலைய அமுக்கினா உள்ள போகுமா? மொதல்ல வெளிய எடுங்க. வாய மூடிக்கிட்டு மூக்கு வழியா மெதுவா விடுங்க. உள்ள வர்றது தானா வரும். நீங்க தொரத்தத் தொரத்தத்தான் அது ஓடுது." அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "மனசுல எதும் கவலையா?" என்று கேட்டார்.

"எனக்கென்ன கவலை, ஒண்ணும் இல்லையே" என்று சொல்லி ஜனகராஜ் விட்ட மூச்சில் மேசை மேலிருந்த மருந்துச் சீட்டு பறந்து கீழே விழுந்தது.

கவலை பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தது. இந்துப்ரியாவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தெப்பக்குளம் பக்கம் அவர்கள் சமூகத்திலேயே நல்ல குடும்பம். பையன் பெயர் உமேஷ், ஓசூரில் கம்பெனி வேலை. ஜாதகம் கூடிவிட்டது, பெண் பார்க்க வருகிறார்கள். நாகமணி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"ஒங்க மூச்சு சமாச்சாரம் ஒண்ணும் அவங்களுக்குத் தெரிய வேணாம். நெஞ்சு நோவுக்காரர் வீடுன்னு நெனச்சுக்குவாங்க. வாய மூடிக்கிட்டு உக்காருங்க."

"கேட்டா பதில் சொல்ல வேணாமா?"

"தலைய ஆட்டுங்க. சேலைக்கடையில நிக்கிற பொம்மை ஆட்டாதா?"

"அது எங்க ஆட்டுது?"

"அப்ப அது மாதிரியே சும்மா இருங்க."

வந்தார்கள். பழங்காநத்தத்தில் அந்தச் சின்ன ஹாலில் பாய் விரித்து, கேசரியும் காப்பியும் கொடுத்து, எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. ஜனகராஜ் வாயில் ஏலக்காயைப் போட்டுக் கடிக்காமல் அடக்கிக்கொண்டு, மூச்சையும் அடக்கிக்கொண்டு, கண் இரண்டும் பிதுங்க உட்கார்ந்திருந்தார். பையனின் அம்மா சுபலட்சுமி விசயமான பொம்பளை. எல்லாம் பேசி முடித்துக் கடைசியில் அவரைப் பார்த்துக் கேட்டார்.

"கல்யாணம் முடிஞ்சதும் பொண்ணு ஓசூருக்கு வந்துரணும். ஒங்களுக்குச் சம்மதந்தானே?"

'சம்மதம்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அவ்வளவு நேரம் அடைத்து வைத்திருந்தது எல்லாம் அடிவயிற்றிலிருந்து கிளம்பி, ஏலக்காயையும் தள்ளிக்கொண்டு, அணை திறந்த வைகை மாதிரி வெளியே வந்தது. அந்தப் பெருமூச்சு முடிந்ததும் ஒரு கொட்டாவி. கொட்டாவி முடிந்ததும் கை தானாகப் போய் ஒரு சொடக்கு. எதிரே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைப் பையன் உமேஷும் வாயைப் பிளந்தான். அவன் அம்மா பார்த்த பார்வையில் பாதியிலேயே மூடிக்கொண்டான்.

"கலந்துக்கிட்டுச் சொல்றோம்" என்று எழுந்தார்கள்.

அன்றைக்கு நாகமணி பேசியதை இங்கே எழுத முடியாது. இந்துப்ரியா மிச்சமிருந்த கேசரியைக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தாள். ஜனகராஜ் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"பையனப் பிடிச்சிருந்துச்சாம்மா?"

"மொதல்ல ஒண்ணும் தோணல." கேசரியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஒங்களப் பாத்து அவனும் கொட்டாவி விட்டான் பாருங்க, அப்பப் பிடிச்சுருச்சு."

இது போதாதா அவர் மூச்சு நிற்க? நாலு நாளில் தரகர் வழியாகச் சேதி வந்தது. பெண்ணின் அப்பாவுக்கு இந்த இடத்தில் விருப்பம் இல்லையாம், இல்லையென்றால் நெஞ்சில் நோவாம், மாப்பிள்ளை வீட்டில் யோசிக்கிறார்களாம். "நேர்ல போயிச் சொல்லுங்க" என்று நாகமணி விரட்டினார். நாளைக்கு, நாளைக்கு என்று ஜனகராஜ் தள்ளிப் போட்டார். போய் என்ன சொல்வது? அங்கேயும் வாயைத் திறந்தால் வருவது அதுதானே. தள்ளத் தள்ள முக்கால் குடம் அரைக் குடமானது.

ஒரு புதன்கிழமை மத்தியானம், கூட்டமில்லாத நேரம். படியில் இரண்டு பொம்பளைகள் ஏறி வந்தார்கள். இவளுக்கு அரக்கு என்று பழக்கத்தில் மனசுக்குள் முடிவு கட்டிய பிறகுதான் ஜனகராஜ் முகத்தைப் பார்த்தார். சுபலட்சுமி. கூட அவர் ஓரகத்தி.

"பட்டு காட்டுங்க" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தார் சுபலட்சுமி. சம்பந்தப் பேச்சே இல்லை, முன்னேபின்னே பார்க்காத ஆள் மாதிரி.

ஜனகராஜுக்குப் புரிந்துவிட்டது. சேலை பார்க்க வரவில்லை, ஆளைப் பார்க்க வந்திருக்கிறார்கள். அவர் எடுத்து எடுத்துப் போட்டார். ஓரகத்தி சௌராஷ்டிரத்தில் மெதுவாகச் சொன்னார்: "பாரு அக்கா, தோள் ஏறுது." மற்ற விற்பனையாளர்களுக்கு அது புரியாது. யாருக்குக் கேட்க வேண்டுமோ அவருக்குப் புரியும்.

டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்தது. முதலில் வெளியே விடு. மடிப்பைப் பிரித்து முந்தியை உதறி விரிக்கும்போது, வாயை மூடிக்கொண்டு மூச்சையும் சேர்த்து மூக்கு வழியாக மெதுவாக விட்டார். சேலை இறங்க, மூச்சும் இறங்கியது. அடுத்த சேலை, அடுத்த மூச்சு. அட, இத்தனை மாசமாக இது தெரியாமல் போச்சே என்று இருந்தது அவருக்கு. ஏழெட்டுச் சேலை இப்படி ஓடியது. ஓரகத்திக்குச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

சுபலட்சுமி ஒரு அரக்குச் சேலையை எடுத்து மடியில் வைத்துத் தடவினார். உதற வேறு சேலை கையில் இல்லை. ஜனகராஜ் சும்மா நின்றார். அவ்வளவுதான், தோள் ஏறி, ஆழமாக ஒன்று வந்துவிட்டது.

"ஏன், இது நல்லா இல்லையா?"

"சேலைக்கு இல்லம்மா அந்தப் பெருமூச்சு" என்றார். அதற்கு மேல் மறைக்கத் தெம்பில்லை. ஆடித் தள்ளுபடியில் தொடங்கி முக்கால் குடம், சீரக சோடா, எலுமிச்சம்பழம், டாக்டரம்மா, ஏலக்காய் வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "நெஞ்சுல ஒண்ணும் இல்லேன்னுட்டாங்க. வேணும்னா ரிப்போர்ட்டக் கொண்டாந்து காட்டுறேன். தானா வருதும்மா, மனசுல எதும் வச்சுக்கிட்டு விடுறதில்ல."

சுபலட்சுமி சேலையைக் கீழே வைத்தார். "அன்னைக்கு ஓசூர்னு கேட்டேன். அப்ப விட்டீங்களே ஒண்ணு, வீடே ஆடுற மாதிரி. அதுவும் இப்படித் தானா வந்ததுதானா?"

நூல் சேலைப் பிரிவிலிருந்து சத்தியசீலன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். 'ஆமான்னு சொல்லு, ஆமான்னு சொல்லு' என்று தலையைப் பலமாக ஆட்டினார். ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. ஜனகராஜ் அவரைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார்.

"இல்லம்மா. அது மட்டும் நெசம்."

சத்தியசீலன் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஓசூரு தூரம்லம்மா. நான் கடை முடிஞ்சு போறப்ப அவதான் கதவத் தொறப்பா. தொறந்துக்கிட்டே, இன்னைக்கு எம்புட்டுப் பேருக்குக் கொட்டாவியத் தொத்த விட்டீங்கன்னு கேப்பா. இடம் பிடிக்காம விடல. பையன் தங்கமான பையன். ஆனாலும் வந்துருச்சு."

சுபலட்சுமி ஓரகத்தியைப் பார்த்துச் சொன்னார். "எம் மக புனேயில இருக்காள்ல. அவளக் கேட்டு வந்தப்ப எங்க வீட்டுக்காரர் ஒரு மூச்சுகூட விடல. கல்லு மாதிரி உக்காந்துக்கிட்டுச் சம்மதம்னாரு. அதுக்காக இன்னைக்கு வரைக்கும் சண்டை போட்டுக்கிட்டிருக்கேன்." திரும்பி ஜனகராஜிடம், "சரிண்ணே. நிச்சயத்துக்குச் சேல நாங்கதான எடுக்கணும். ஒங்க பொண்ணுக்கு எந்தக் கலர் எடுப்பா இருக்கும், சொல்லுங்க" என்றார்.

ஜனகராஜ் வாயைத் திறந்தார். மாம்பழமா? மயில்கழுத்தா? வாடாமல்லியா? படியேறி வருகிற எந்தப் பொம்பளைக்கும் சொல்லிவிடுகிறவருக்குச் சொந்த மகளுக்கு ஒரு கலரும் தோன்றவில்லை. அவர் கண்ணுக்கு அவளுக்கு எல்லாமே எடுப்பாகத்தான் தெரிந்தது.

"மதுரைக்கே கலர் சொல்றவன், தன் பொண்ணுக்குச் சொல்ல முடியலையாம்!" சத்தியசீலன் அங்கிருந்தே கத்தினார்.

"அவளையே கூட்டியாந்துருங்க. எம் பையனும் லீவு போட்டு வரட்டும்" என்று சுபலட்சுமி சிரித்துக்கொண்டே எழுந்தார். அந்த நேரம் பார்த்து ஜனகராஜுக்குக் கொட்டாவி வந்தது. ஓரகத்தி பிளந்தார். நூல் சேலைப் பிரிவில் சத்தியசீலன் பிளந்தார். சுபலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திப் படியிறங்கும் வரைக்கும் அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. கீழே இருந்து ஒரு சொடக்குச் சத்தம் மேலே கேட்டது.

சனியன் இன்னும் ஜனகராஜை முழுசாக விடவில்லை. சேலை உதறுகிற வேலை இருக்கிறவரைக்கும் தேவலை, சும்மா நின்றால் வந்துவிடும். நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றுகிற நேரத்தில் சும்மாதானே நிற்க வேண்டும்? வீடியோவில் அப்படியே பதிந்திருக்கிறது: மாமனார் வாயைப் பிளக்க, மாப்பிள்ளை பிளக்க, பெண் தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கிறாள். வீடியோக்காரர் அந்த இடத்தை வெட்டிவிடுகிறேன் என்றார். வெட்டினால் காசு கிடையாது என்று சொல்லிவிட்டார் சுபலட்சுமி.