இரண்டு வரிசைக் கஞ்சி

நோன்பு மாதத்தில் பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் எங்கள் பள்ளிவாசலின் பின்பக்கத்தில் கஞ்சி ஊற்றுவார்கள். வருகின்ற பாத்திரங்களை எண்ணுவது என் வேலை. யாரும் தந்த வேலையல்ல. காலமெல்லாம் கணிதம் படிப்பித்தவனுக்குச் சும்மா நிற்கத் தெரியாது. கஞ்சி காய்ச்சும் கிடாரத்துக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பேன். நிர்வாக சபையில் மற்றவர்கள் அரிசிக்கும் தேங்காய்க்கும் பொறுப்பு, நான் கவலைக்குப் பொறுப்பு என்று என் மனைவி சொல்லுவாள்.

விலைவாசி ஏறிய பிறகு அந்தக் கவலைக்கு நல்ல தீனி கிடைத்தது. பாத்திரங்களின் எண்ணிக்கை அவ்வளவாகக் கூடவில்லை, ஆனால் அவை பெருத்துக்கொண்டு வந்தன. ஜக் வந்த வீட்டிலிருந்து சட்டி வந்தது, சட்டி வந்த வீட்டிலிருந்து வாளி வந்தது. பக்கத்து ஒழுங்கையில் இருக்கும், கரைவலை இழுத்து மீன் பிடிக்கும் கரைவலைக்காரர் வெள்ளைப் பெயின்ற் வாளியோடு வருவார். மற்ற வீடுகளில் பிள்ளைகளை அனுப்புவார்கள். அந்த வாளி நிறைந்தால் பிள்ளைகளால் தூக்க முடியாது என்பதால் அவரே வருவார்.

“சேர், என்ட வாளிய ஒண்டு எண்டு எண்ணாதீங்க. மூணு ஜக் பிடிக்கும். கணக்குப் பிழைச்சிரும்” என்பார். வரிசை முழுக்கச் சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

அந்தச் சிரிப்பு எனக்கு வீட்டில்தான் அடங்கியது. அந்த வாளி வீட்டார் விடியுமுன் உண்ணும் ஸஹருக்கும் அதே கஞ்சியைத்தான் சூடாக்கிக் குடிக்கிறார்களாம் என்று மனைவி சொன்னாள். கடல் இன்னும் அடங்கவில்லை, கரைவலைக் காலம் தொடங்கவில்லை. உம்மாவும் வாப்பாவும் நாலு பிள்ளைகளும் உள்ள வீடு அது.

அடுத்த நிர்வாக சபைக் கூட்டத்தில் எழும்பிக் கதைத்தேன். நம் ஊரில் மதில்கள் உயர்ந்துவிட்டன, மதிலுக்கு மேலால் நெய்ச்சோறு மணக்கும், வெறும் பானை மணக்காது, பக்கத்து வீட்டில் அடுப்பு எரிகிறதா என்பது ஊருக்கே தெரியவில்லை என்றேன். எல்லோரும் உருகிப்போனார்கள். தலைவர் அரிசிக்கடை வைத்திருக்கும் ஹாஜியார். அவர் தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இத ஊருக்கு எடுத்துச் சொல்லத்தான் வேணும் சேர்” என்றார்.

சொன்னோம். வெள்ளிக்கிழமை குத்பாப் பிரசங்கம் அதைப் பற்றியே நடந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் நல்லது. நல்ல காரியத்தை இன்னும் நல்லதாக்க வேண்டும் என்று எங்களுக்கு ஓர் ஆசை வந்தது. கஞ்சிக்கு இரண்டு வரிசை: இடப்பக்கம் எல்லோருக்கும், வலப்பக்கம் தேவையுடையோருக்கு. வலப்பக்கத்தில் நிற்பவர்களுக்கு அகப்பைக் கணக்கும் கூடுதல், ஒரு பொதி அரிசியும் உண்டு. பலகை எழுதுவித்தோம், அழகான பச்சை எழுத்து. பாங்கு சொல்லும் மோதினார் ஒலிபெருக்கியில் மூன்று தரம் அறிவித்தார். போதாததற்கு, வசதியுள்ள வீட்டார் கஞ்சிக்குப் பாத்திரம் அனுப்புவதைத் தவிர்த்தால் நன்மை என்றும் சேர்த்துக்கொண்டார்.

மறுநாள் அஸருக்குப் பிறகு வலப்பக்க வரிசையில் ஒரு பூனை நின்றது. இடப்பக்கத்தில் வெளியூரிலிருந்து உடுப்பு விற்க வந்த இரண்டு பேர் நின்றார்கள். வசதியுள்ளவர்கள் சொன்ன சொல்லைக் கேட்டு வீட்டில் இருந்துவிட்டார்கள். வசதியில்லாதவர்களும் வீட்டில்தான் இருந்தார்கள். கிடாரம் நிறையக் கஞ்சி ஆவி பறந்துகொண்டிருந்தது. மோதினார் அகப்பையைத் தோளில் சாத்திக்கொண்டு, “சேர், பூனைய எந்தக் கணக்கில போடுற?” என்று கேட்டார்.

வெள்ளை வாளியும் வரவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு சட்டியில் கஞ்சி எடுத்து மனைவியிடம் கொடுத்து அந்த வீட்டுக்கு அனுப்பினேன். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

“‘எங்கட வீட்ட இண்டைக்கு ஆக்கிட்டம் ராத்தா’ எண்டு அவர்ர பொஞ்சாதி சொல்லிற்றா. அடுப்புல ஒரு நெருப்புப் பொறி இல்ல. உங்கட பலகை செஞ்ச வேல இது.”

அடுத்த நாளும் வாளி வராததால், அதற்கடுத்த நாள் காலையில் கடற்கரைக்கு நடந்தேன். தோணியின் நிழலில் இருந்து அவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

“என்ன சேர், கடலுக்கு எத்தின அலை வருது எண்டு எண்ண வந்தீங்களா?”

“கஞ்சிக்கு ஏன் வரல்ல?”

“எங்க நிக்கிற? வலப்பக்கம் நிண்டா நாளைக்கு என்ட மகளுக்கு மாப்பிள கேக்க வாறவன், ‘ஓ, அந்த வரிசை வீடா’ எண்டு கேப்பான். இடப்பக்கம் நிண்டா, வசதி வந்திட்டா எண்டு ஊர் கேக்கும். நடுவுல ஒரு வரிசை போடுங்க, வாறன்.”

“புள்ளைகள் என்ன குடிச்சாங்க?”

அவர் வலைக்கண்ணைப் பார்த்தபடி, “தேத்தண்ணி” என்றார். அந்த ஒரு சொல்லில் மட்டும் பகிடி இல்லை.

அங்கிருந்து நேராக அரிசிக்கடைக்குப் போனேன். பலகையைக் கழற்ற ஹாஜியார் உடனே சம்மதித்தார். நான் கேட்ட இரண்டாவது விடயத்தில்தான் திகைத்தார்.

“நான் வரிசையில நிக்கிறதா? கஞ்சிக்கா? என்ட கடைப் பொடியனுகள் சிரிப்பானுகள் சேர்.”

“சிரிக்கட்டும். பள்ளிக் கஞ்சி வீட்டுக்குப் பறக்கத்து எண்டு உங்கட வாப்பா ஒவ்வொரு நோன்புக்கும் ஜக்கோட வந்தவர். பெரிய வீட்டு ஜக் நடுவுல நிண்டதாலதான் சின்ன வீட்டு வாளி வெக்கப்படாம நிண்டது. நாமதான் ஜக்க எடுத்திட்டம்.”

அன்று மோதினார் மூன்று தரம் அறிவித்தது வேறு: கஞ்சி எல்லா வீட்டுக்கும், எல்லா வீட்டாரும் வரவேண்டும். ஹாஜியார் வெள்ளை ஜுப்பாவோடு மூன்றடுக்குக் கேரியர் கொண்டுவந்தார். ஊர் டாக்டர் காரை நிறுத்திவிட்டு ஐஸ்கிரீம் டப்பாவோடு இறங்கினார். நானும் கதிரையை விட்டு எழும்பி ஜக்கோடு நின்றேன். ஒரே வரிசை, தெருமுனை வரைக்கும். எனக்கு இரண்டு பேருக்கு முன்னால், ஹாஜியாருக்கு நேர் முன்னால், வெள்ளை வாளி நின்றது.

“ஹாஜியார், இந்தக் கேரியர் உங்களுக்கே காணாது” என்றார் கரைவலைக்காரர்.

“உங்கட வாளிக்கு என்ன, வீட்டில விருந்தா?”

“விருந்துதான். நோன்பு திறக்கவும் இதுதான், ஸஹருக்கும் இதுதான்.”

கூட்டத்தில் கண்ணைத் துடைத்த ஹாஜியார் இந்தத் தரம் கண்ணைத் துடைக்கவில்லை. வாளியை எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அப்ப பெருநாளைக்குப் பிறகு?” என்று கேட்டார்.

“பெருநாளைக்குப் பிறகு கடல் இரிக்கி. கடல் தந்தா மீன், தராட்டி காத்து.”

வாளி நிறைந்தது. அவர் அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, ஒரு சொட்டும் சிந்தாமல் போனார்.

இப்போது எங்கள் பள்ளிவாசலில் பெருநாளைக்குப் பிறகும் கிடாரம் ஏறுகிறது. திங்களும் வியாழனும், விரும்பியவர்கள் பிடிக்கும் சுன்னத்தான நோன்பு நாட்கள் அல்லவா? அந்த நோன்பாளிகளுக்கான கஞ்சி என்று அறிவிப்போம். அரிசி ஹாஜியாருடையது. யார் நோன்பு, யார் நோன்பில்லை என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. அவ்வளவு பக்தி எங்கள் ஊரில் முன்பு இருந்ததில்லை என்று மோதினார் சொல்லிச் சிரிக்கிறார்.

என் கவலை மட்டும் தீரவில்லை. வாரத்தில் கஞ்சி இல்லாத ஐந்து நாட்கள் இன்னும் இருக்கின்றன. வருகிற திங்கட்கிழமை நானும் ஒரு பெயின்ற் வாளியோடு ஹாஜியாருக்கு முன்னால் போய் நிற்கப் போகிறேன். ஏன் இவ்வளவு பெரிய வாளி என்று அவர் கேட்காமல் இருக்கமாட்டார்.