கொண்டை ஊசி வளைவில் ஒரு கொண்டை

அரில்யே ஊரில் டெசாங்கா தலையில் கை வைக்காமல் ஒரு பெண்ணும் கல்யாணத்துக்குக் கிளம்பியதில்லை. கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்கிறேன். ஆனால் கொஞ்சம்தான். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அவளுடைய முடிதிருத்தும் கடை. இரண்டாவது மாடியில் நான். வார நாட்களில் ராஸ்பெர்ரிப் பழம் உறைய வைக்கும் குளிர்க்கிடங்கில் வேலை பார்க்கிறேன். சனி ஞாயிறுகளில் கல்யாணங்களுக்கு ஊதப்போகும் டிரம்பெட் கோஷ்டியில் பெரிய மத்தளம் அடிக்கிறேன். அதனால் அவள் சீவி முடித்த தலைகளையெல்லாம் ஆட வைத்தவன் நான் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

அவள் புருஷன் மிலோயே மலைக் கிராமங்களுக்குப் பஸ் ஓட்டுகிறவன். பேச்சு குறைவு. "பஸ் போகாத இடத்துக்கு மனுஷன் எதுக்குப் போகணும்?" என்பதுதான் உலகத்தைப் பற்றி அவனுக்கு இருந்த ஒரே கொள்கை. டெசாங்காவுக்கோ மணப்பெண் வீடுகளெல்லாம் மலையில். பெட்டியும் சட்டியுமாகப் பஸ்ஸில் போய், முடி சீவிவிட்டு, அடுத்த பஸ்ஸுக்காகச் சாயங்காலம்வரை காத்திருப்பாள். ஐம்பது வயதில் ஒருநாள் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. உழித்சேயில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்ப் போய்க் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். இரண்டு தடவை தேர்வில் தோற்றாள். மூன்றாவது தடவை தேறினாள். அந்த லைசென்ஸ் கொஞ்ச நாள் சுருள் கிளிப்புகள் போட்டு வைக்கும் டப்பாவுக்குள் ஒளிந்திருந்தது.

காரை அவள் ரதோசாவிடம் வாங்கியதுதான் கோளாறு.

ரதோசாவ் ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார். ஊரில் பாதிப் பேருக்குத் தலைநகரங்களைக் கற்றுக்கொடுத்தவர். டெசாங்காவுக்கும்தான். அந்தப் பள்ளிக்கூடப் பயம் அவளை விட்டுப் போகவில்லை. தெருவில் அவர் எதிரே வந்தால் இன்றும் ஒதுங்கி நிற்பாள். காரைப் பார்க்கப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். நீல நிறக் கார், ஜெர்மனியிலிருந்து யாரோ ஓட்டிக் கழித்து வந்தது. உடம்பெல்லாம் சுத்தம். டயர்கள் அப்படி ஒரு கறுப்பு, மெருகு போட்ட சப்பாத்து மாதிரி பளபள என்று இருந்தன.

"கோயிலுக்கும் பல் டாக்டர்கிட்டயும் மட்டும்தான் எடுத்துட்டுப் போனேன்," என்றார் வாத்தியார்.

நான் குனிந்து பார்த்தேன். "சார், நாலு டயரும் நாலு கம்பெனியா இருக்கே?"

"நாலு தேசம்," என்று திருத்தினார். "முன்னாடி வலது துருக்கி. இடது போலந்து. பின்னாடி ரெண்டும் எந்த தேசம்னு டெசாங்காதான் சொல்லணும்."

டெசாங்கா முகம் வெளுத்துவிட்டது. டயரைப் பற்றிக் கேள்வி கேட்க வந்தவள், பதில் சொல்லத் தெரியாத மாணவியாக நின்றாள். கேட்ட விலையை அப்படியே எண்ணிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

மிலோயே ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்தான். சாப்பிட உட்கார்ந்தான். சூப்பைக் குடித்தான். "பஸ்ஸுக்கு என்ன குறைச்சல்?" என்றான். அதற்குப் பிறகு பல நாள் பேச்சில்லை. அவன் சாதாரணமாகவே பேசாதவன் என்பதால், கோபத்தில் பேசவில்லை என்று கண்டுபிடிக்கவே டெசாங்காவுக்கு இரண்டு நாள் ஆனதாம்.

முதல் மழையில் டயர்களின் மெருகு கரைந்து கட்டடத்து வாசலெல்லாம் கறுப்பாக ஓடியது. அடியில் பார்த்தால் ரப்பர் முழுக்க வெடிப்பு, வெயிலில் காய்ந்த வயல் மாதிரி. வாத்தியார் சப்பாத்துக்குப் போடும் பாலிஷையே டயருக்கும் போட்டிருக்கிறார்! நான் டெசாங்காவிடம் சொன்னேன், "முதல்ல பஞ்சர் கடைக்குப் போ. நாலையும் மாத்து."

"கல்யாண சீசன் முடியட்டும். ஸ்லாவிட்சா கல்யாணம் ஒண்ணு இருக்கு, அது ஆனதும் மாத்திடறேன்."

அந்தத் துருக்கி டயர் அதுவரை காத்திருக்கவில்லை.

ஸ்லாவிட்சா மலைமேல் ஒரு ராஸ்பெர்ரித் தோட்டக்காரர் மகள். கல்யாணத்தன்று காலையில் டெசாங்கா தன் காரிலேயே மேலே போய் அவளையும் அவள் அண்ணன் வுக்காஷினையும் ஏற்றிக்கொண்டு கடைக்கு வந்தாள். முடியை அலசி, தலை முழுக்கச் சுருள் கிளிப் மாட்டினாள். வீட்டில் போய்க் கிளிப்பை எடுத்துக் கொண்டை போட்டு முக்காட்டைக் குத்துவதாக ஏற்பாடு. வுக்காஷினிடமும் கார் இருந்தது. ஆனால் அதற்குப் பூ கட்டியாகிவிட்டது, தூசி படக்கூடாது என்று அவன் அதை எடுக்கவில்லை.

திரும்பி மேலே போகும்போது, மலையின் கடைசிக் கொண்டை ஊசி வளைவில் டயர் வெடித்தது. கார் குறுக்கே திரும்பி நின்றது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். நடுவில் ஒரு வண்டி போகும் அகலத்துக்குத்தான் ரோடு. யாருக்கும் அடி இல்லை. ஆனால் ரோட்டை டெசாங்கா கார் கதவு போட்டு மூடியது மாதிரி மூடிவிட்டது.

எங்கள் கோஷ்டி வேன்தான் முதலில் போய்ச் சேர்ந்தது. நான் இறங்கிப் பார்த்தேன். மணப்பெண் குளியல் அங்கியோடும், செருப்போடும், தலை நிறையக் கிளிப்போடும் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். டெசாங்கா சக்கரத்தின் முன்னால் மண்டியிட்டிருந்தாள். முழங்கைவரை, மழையில் கரைந்தது போக வெடிப்புகளில் மிஞ்சியிருந்த சப்பாத்து பாலிஷ்.

"மூணு நட்டு வந்துடுச்சு," என்றாள், மூச்சு வாங்க. "நாலாவது வரமாட்டேங்குது. அதுக்குத் தலையே வேற மாதிரி இருக்கு."

குனிந்து பார்த்தேன். பூட்டு நட்டு. சக்கரத்தைத் திருடிக்கொண்டு போகாமல் இருக்க ஒன்று மட்டும் விசேஷமாகப் போட்டிருப்பார்கள். அதற்கென்று தனிச் சாவி. டெசாங்கா வாத்தியாருக்குப் போன் போட்டாள்.

"சாவியா? கார் சாவிதானே கொடுத்தேன்!"

"சார், சக்கரத்துக்கு ஒரு சாவி..."

"சக்கரத்துக்கு எதுக்கும்மா சாவி? அது என்ன அலமாரியா?"

அவள் போனை வைத்துவிட்டு அந்தத் துருக்கி டயரை ஒரு உதை விட்டாள். காலில் அடி பட்டதுதான் மிச்சம்.

அப்போது கீழே ஹாரன். மிலோயேயின் பஸ். சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பும் பெண்கள், கோழிக்கூடை, வெங்காய மூட்டை, எல்லாம் உள்ளே. மிலோயே கதவைத் திறந்து, "யாரும் இறங்காதீங்க," என்றான். எல்லோரும் இறங்கினார்கள்.

அவன் மெதுவாக நடந்து வந்தான். டெசாங்கா எழுந்து இடுப்பில் கை வைத்தாள். வெள்ளைச் சட்டையில் இரண்டு கறுப்புக் கை பதிந்தது.

"சொல்லு," என்றாள். "சொல்லிடு. பஸ்ஸுக்கு என்ன குறைச்சல்னு இப்பவே கேட்டுடு. இத்தனை பேர் முன்னாடி கேட்டாத்தானே உனக்கு ஆசை தீரும்."

மிலோயே அவளைப் பார்க்கவில்லை. நட்டைப் பார்த்தான். விரலால் தடவினான். பிறகு பஸ்ஸுக்குப் போய் ஒரு கனமான சுத்தியலும் நட்டின் தலையில் தொப்பி மாதிரி மாட்டும் ஸ்பானர் மூடிகள் கோத்த ஒரு கம்பியும் எடுத்து வந்தான். நட்டைவிட ஒரு சுற்றுச் சின்னதாக ஒரு மூடியைத் தேர்ந்து நட்டின் தலையில் வைத்துப் பிடித்தான்.

"அடி," என்றான்.

"நானா?"

"நான் பிடிச்சுக்கறேன். எனக்குப் பிடி தப்பாது, உனக்குக் கோபம் தப்பாது. அடி."

அடித்தாள். முதல் அடியில் பாறையிலிருந்து காக்கை பறந்தது. நான் மத்தளம் அடிக்கிறவன், அடி எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு அடியிலும் சொல்லாமல் விட்ட ஏதோ ஒன்று இருந்தது. சூப்பு, ஜன்னல், உழித்சே, இரண்டு தடவை தோற்ற தேர்வு. சின்ன மூடி நட்டின் மேல் இறுகி உட்கார்ந்தது. மிலோயே ஸ்பானரை மாட்டித் திருகினான். நட்டு அழுதுகொண்டே வெளியே வந்தது. சந்தைப் பெண்கள் கை தட்டினார்கள். எங்கள் டிரம்பெட்காரன் உற்சாகம் தாங்காமல் ஊதிவிட்டான்.

"என் மண்டைன்னு நினைச்சுத்தானே அடிச்சே?" என்றான் மிலோயே.

"ஆமா. மூணாவது அடி மட்டும் வாத்தியார்."

அவன் சிரித்தான். நான் பதினைந்து வருஷமாக அந்தக் கட்டடத்தில் இருக்கிறேன், அவன் பல்லை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சந்தோஷம் நீடிக்கவில்லை. டிக்கியிலிருந்து ஸ்டெப்னியை எடுத்தால் அது வேறு ஏதோ சின்னக் காருடையது. ஓட்டைகளே பொருந்தவில்லை. அது எந்த தேசம் என்று யாரும் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கீழே வளைவுகளில் ஒரே ஹாரன் சத்தம். மாப்பிள்ளை ஊர்வலம்! நேரத்தோடு வரமாட்டார்கள் என்று எண்ணியிருந்தோம், அவர்களோ சீக்கிரமே வந்துவிட்டார்கள்.

ஸ்லாவிட்சா கல்லிலிருந்து குதித்தாள். "டெசா அக்கா! இந்தக் கோலத்துல அவர் என்னைப் பார்த்தா அவ்வளவுதான்!"

"பஸ்ஸுக்குள்ள ஓடு! திரையைப் போடு!"

மணப்பெண்ணும் சந்தைப் பெண்களும் பஸ்ஸுக்குள் பாய்ந்தார்கள். டெசாங்காவும் ஏறப் போனாள், தன் கையைப் பார்த்தாள், அப்படியே நின்றாள். அந்தக் கையோடு கல்யாணத் தலையைத் தொட முடியுமா?

"தண்ணி இருக்கா யார்கிட்டயாவது?"

தண்ணீர் யாரிடமும் இல்லை. கல்யாணத்துக்குப் போகும் கோஷ்டியிடம் தண்ணீர் எதற்கு இருக்கிறது? ராக்கியா இருந்தது. எங்கள் தலைவர் வீட்டுப் பிளம் பழத்தில் காய்ச்சிய சாராயம். அவர் கண்ணை மூடிக்கொண்டு புட்டியை நீட்டினார். அவள் கையில் அது ஊற்றப்படுவதைப் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை. பாலிஷ் அத்தனையும் போய்விட்டது. அந்தச் சாராயத்தை அதற்குப் பிறகு நான் குடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் யோசிக்கிறேன்.

மாப்பிள்ளைக் கார்கள் பஸ்ஸுக்குப் பின்னால் வரிசையாக நின்றன. கொடி, பூ, சட்டையில் ரோஸ்மேரிக் கொத்து. மாப்பிள்ளைத் தோழன் ரத்தோமிர் இறங்கி வந்தான், கழுத்து பெருத்த ஆள்.

"என்னப்பா இது? பொண்ணு வீடு மேலேதானே?"

வுக்காஷின் நடுரோட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். எங்கள் பக்கத்தில் பெண்ணை அண்ணனிடம் பேரம் பேசி வாங்கித்தான் கூட்டிப்போக வேண்டும். வீட்டு வாசலில் நடக்க வேண்டியது. அவன் அதை அங்கேயே ஆரம்பித்துவிட்டான்.

"என் தங்கச்சி வேணுமா?"

"அதுக்குத்தானே வந்திருக்கோம்," என்று ரத்தோமிர் சட்டைப் பையில் கை விட்டான்.

"பணம் வேண்டாம். ஒரு சக்கரம் கொடு."

"என்னது?"

"உன் காரும் அதே ஜாதிதானே? உன் ஸ்டெப்னியைக் கொடு. டயர் புதுசா இருக்கணும். வெடிப்பு இருந்தா பொண்ணு கிடையாது."

"யோவ், நான் பொண்ணு எடுக்க வந்தேனா, பஞ்சர் ஒட்ட வந்தேனா?"

"பொண்ணு அந்தச் சக்கரத்துலதான் வீட்டுக்குப் போகணும். நாங்க அவசரப்படலை. நாளைக்குக்கூட வாங்க."

மாப்பிள்ளை பின்னாலிருந்து கத்தினான், "குடுத்துத் தொலையேண்டா!" ஆனால் ரத்தோமிர் விடவில்லை. சக்கரம் தரலாம், பதிலுக்குப் பெண்ணோடு ஒரு பன்றிக்குட்டியும் வேண்டும் என்றான். வுக்காஷின் கோழி என்றான். பேரம் சூடு பிடிக்க, நாங்கள் ஊத ஆரம்பித்தோம். பஸ் திரைக்குப் பின்னால் டெசாங்கா, ஓட்டுநர் கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டு, சந்தைப் பெண்கள் ஊசி எடுத்துக் கொடுக்க, கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து அவள் குரல் மட்டும் கேட்டது: "மத்தளத்தை நிறுத்துடா, தலை ஆடுது!"

கடைசியில் ஒரு சக்கரத்துக்கு ஒரு சேவல் என்று முடிந்தது. சேவல், பஸ்ஸிலிருந்த கூடையிலிருந்து. அதன் சொந்தக்காரி, "நல்ல காரியம்தானே," என்று கொடுத்தாள். ஆனால் விருந்துக்கு வருவேன் என்று அப்போதே சொல்லிவிட்டாள்.

மிலோயே சக்கரத்தை மாட்டினான். மாப்பிள்ளையை ஒரு கார் பின் சீட்டில் உட்கார வைத்து, முகத்தில் ஒரு துண்டைப் போட்டு மூடினார்கள். ஸ்லாவிட்சா டெசாங்கா காருக்கு ஓடினாள். கார் முன்னால், எங்கள் வேன் பின்னால், திரும்ப இடமில்லாத பஸ் அதற்குப் பின்னால், மாப்பிள்ளைக் கார்கள் கடைசியில். மிலோயே வழி நெடுக ஹாரன் அடித்துக்கொண்டே வந்தான். சந்தைப் பெண்கள் அத்தனை பேரும் விருந்தில் உட்கார்ந்தார்கள். அன்று மற்ற கிராமங்களுக்குப் பஸ் போகவில்லை. அதற்காக அவனுக்குப் பஸ் கம்பெனியிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதைப் படித்துவிட்டு மடித்து, ஆடும் மேஜைக் காலுக்குக் கீழே வைத்தான்.

திங்கட்கிழமை டெசாங்கா வெடித்த டயரைத் தூக்கிக்கொண்டு வாத்தியார் வீட்டுக்குப் போனாள். நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். இந்தத் தடவை அவள் நிற்கவில்லை, அவர் சொல்லாமலே உட்கார்ந்தாள்.

"சார், பாலிஷ் போட்டீங்களா இல்லையா?"

"போட்டேன்," என்றார் அவர், கூச்சத்தோடு. "வெடிப்பை மறைக்க இல்லம்மா. வெடிப்பு இருக்கிறதே எனக்குத் தெரியாது. கண்ணு மங்கலாப் போச்சு. அதனாலதான் காரையே வித்தேன். உன் கையில கொடுக்கறப்போ பார்க்க நல்லா இருக்கணும்னு நினைச்சேன்."

சண்டை போட வந்தவள் மடியில் இருந்த டயரைத் தரையில் இறக்கி வைத்தாள். பிறகு, "முடி ரொம்ப வளர்ந்திருக்கு சார்," என்று சொல்லி, அவரைச் சமையலறை நாற்காலியில் உட்கார வைத்து வெட்டிவிட்டாள். காதுப் பக்கம் வேண்டுமென்றே கொஞ்சம் அதிகமாக எடுத்தாள் என்று எனக்குத் தோன்றியது. கேட்டால் இல்லை என்கிறாள்.

அந்த வாரமே நான்கு டயரும் புதிதாக, ஒரே கம்பெனியாக மாற்றினாள். பூட்டு நட்டுகளை எடுத்துவிட்டுச் சாதாரண நட்டுகள் போட்டாள். "திருடறவன் திருடிக்கட்டும். நடுரோட்டுல நிக்கறதுக்கு அது மேல்," என்றாள்.

போன கோடையில் இருவரும் மொண்டினீக்ரோ கடற்கரைக்குப் போய்வந்தார்கள். வழி முழுக்க அவள்தான் ஓட்டினாள். மிலோயே பக்கத்து சீட்டில். ஒவ்வொரு வளைவிலும் அவன் கால் தானாக இல்லாத பிரேக்கை மிதிக்குமாம். அந்தப் பக்கத்துத் தரைவிரிப்பு ஓட்டையாகிவிட்டது என்று சொல்லி, புதிது வாங்க என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள்.