துணை அட்டைக்காரர்கள்

பயணப் புள்ளி தரும் கடன்பற்று அட்டையை விற்கிறவர் ஒருவர், விற்ற பிறகு தொலைபேசியில் பதில் சொல்கிறவர் இன்னொருவர். நான் பதினோரு வருடம் அந்த இன்னொருவராக இருந்தேன். தஞ்சோங் பகாரில், துறைமுகத்தைப் பார்த்த ஒரு வங்கியின் பத்தொன்பதாவது மாடி. காதில் ஒலிவாங்கி, முன்னால் இரண்டு திரைகள், ஒவ்வொரு அழைப்புக்கும் ஓடுகிற ஒரு கடிகாரம். கல்லூரியில் தமிழ் படித்தவளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். என் கணவர் இறந்த பிறகு, என் ஐம்பத்தாறு வயதில், என்னை உட்காரச் சொன்ன முதல் இடம் அதுதான். எங்கள் இணைப்பில் தமிழுக்கென்று ஓர் எண் கிடையாது. ஆங்கிலத்தில் தடுமாறுகிற தமிழர்களை மற்றவர்கள் என் பக்கம் தள்ளிவிடுவார்கள்.

உங்களிடமும் அப்படி ஓர் அட்டை இருக்கும். அரிசி, டாக்சி, சாப்பாடு எல்லாவற்றுக்கும் அதை நீட்டினால் புள்ளி சேரும். புள்ளியை விமான நிறுவனத்தின் மைலாக மாற்றலாம். மைலைக் கொடுத்து இருக்கை வாங்கலாம். விளம்பரத்தில் இந்த மூன்றும் ஒரே மூச்சில் முடிந்து, ஒரு குடும்பம் கடற்கரையில் நிற்கும். அந்தக் கடற்கரைக்குப் போகும் வழியில் எத்தனை கதவுகள் என்பதை, என்னைப் போன்ற ஒருத்தியை அழைத்த நாளில் நீங்களும் தெரிந்துகொண்டிருப்பீர்கள்.

ஐந்து அட்டைகளின் சொந்தக்காரர்

"எந்தக் கார்டும்மா நல்லது?" என்பதுதான் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி. ஓர் அட்டை உணவகத்தில் அள்ளிக் கொடுக்கும், மளிகைக் கடையில் கிள்ளிக் கொடுக்கும். இன்னொன்று இணையத்தில் வாங்கினால் தாராளம், நேரில் போனால் கஞ்சம். வேறொன்று வெளிநாட்டில் செலவழித்தால்தான் கண்ணைத் திறக்கும். எல்லாவற்றுக்கும் மாத உச்சவரம்பு உண்டு, அதைத் தாண்டினால் எல்லா அட்டையும் ஒரே மாதிரி. ஆகவே முழுப் பலனும் வேண்டுகிறவர் ஐந்து அட்டை வைத்துக்கொண்டு, பணப்பையைத் திறக்குமுன் எது எதற்கு என்று யோசிக்க வேண்டும்.

அப்படி ஒருவர் இருந்தார், ஓய்வுபெற்ற பொறியாளர். ஒவ்வொரு அட்டையிலும் சின்னத் தாள் ஒட்டி, அதன் வேலையை எழுதி வைத்திருந்தார். அவருடைய அறுபதாவது பிறந்தநாளுக்குக் குடும்பமே ரேஸ் கோர்ஸ் ரோட்டில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறது. அவர் கைகழுவப் போன நேரத்தில் மனைவி மளிகைக்கான அட்டையை நீட்டிவிட்டார். உணவகத்தில் இருந்தபடியே அவர் என்னை அழைத்து, அந்தச் செலவைச் சாப்பாட்டு அட்டைக்கு மாற்றச் சொன்னார். முடியாது என்றேன். எத்தனை மைல் போயிற்று என்று அவர் கணக்குச் சொல்லத் தொடங்க, பின்னால் தட்டுகள் எடுக்கப்படும் சத்தம் கேட்டது. பிறகு அந்த அம்மாளின் குரல், மிக அருகில்: "சாப்பிட்டதாவது செரிக்கட்டும், ஃபோன வைங்க."

மாதாவும் காத்திருப்போர் பட்டியலும்

பாசிர் ரிஸ்ஸில் இருந்த ஆரோக்கியசாமி டாக்சி ஓட்டுநர். ஆறு வருடமாக வண்டிக்கு ஊற்றிய டீசலையெல்லாம் அட்டையில் போட்டு, தனக்கும் மனைவிக்கும் திருச்சிக்குப் போக மைல் சேர்த்திருந்தார். செப்டம்பரில் வேளாங்கண்ணித் திருவிழா. புள்ளி முழுவதையும் மைலாக மாற்றித் தரச் சொன்னார், மாற்றிக் கொடுத்தேன். மறுவாரம் மறுபடி அழைத்தார். மைல் வந்துவிட்டது, இருக்கை வரவில்லை; காத்திருப்போர் பட்டியலில் போட்டிருக்கிறார்கள்.

மைலுக்கென்று விமான நிறுவனம் ஒதுக்குகிற இருக்கைகள் மிகக் கொஞ்சம். திருவிழா, பள்ளி விடுமுறை என்றால் அதுவும் இல்லை. மாற்றிய மைலைத் திரும்பப் புள்ளியாக்க முடியாது, விமான நிறுவனத்தில் அதற்கு மூன்று வருட ஆயுள்தான். இதையெல்லாம் நான் மாற்றுவதற்கு முன் சொல்லியிருக்க வேண்டும். என் திரையில் இருந்த வாசகங்களில் அது இல்லை, நானும் சொல்லவில்லை. அவர் கோபப்படவில்லை. வண்டியை எங்கோ ஓரமாக நிறுத்தியிருந்தார் போல, பின்னால் ஓசையே இல்லை. "மாதாகிட்ட ஆறு வருஷமா என்னென்னமோ கேட்டுருக்கேன், அவங்க ஒரு தடவகூட வெயிட்லிஸ்ட்ல போட்டதில்லம்மா."

அன்றிலிருந்து, வாசகத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இருக்கை கண்ணில் படும்வரை புள்ளியை மாற்றாதீர்கள் என்று எல்லாருக்கும் சொல்வது என்று முடிவு செய்தேன்.

கலர் தெரியாத அட்டை

செல்வமணி அம்மாள் புக்கிட் பாஞ்சாங்கில் இருந்து அழைத்தார். தன் அட்டையில் எத்தனை புள்ளி இருக்கிறது என்று தெரிய வேண்டும். அவரிடம் இருந்தது துணை அட்டை. நம் வீடுகளில் பெரும்பாலான மனைவிகளிடம் இருப்பது அதுதான்: கணவர் பெயரில் முதன்மை அட்டை, அதன் கிளையாக மனைவிக்கு ஒன்று. மனைவி செலவழிக்கலாம். புள்ளி கணவர் பெயரில் சேரும். அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்பதென்றாலும் கணவர்தான் கேட்க வேண்டும். என் கணவர் காலத்தில் என்னிடம் இருந்ததும் துணை அட்டைதான்; அதைப் பெருமையாகக்கூட வைத்திருந்தேன்.

விதியைச் சொன்னதும் அவர் கொஞ்சம் சிரித்தார். "வாங்குறது நானு, பஸ்ல தூக்கிட்டு வர்றது நானு. பாயிண்ட்டு மட்டும் அவருதா?" என்றார். பதினேழு வருடமாக லிட்டில் இந்தியாவில் அட்டையை ஏற்கும் கடை எது, ஏற்காத கடை எது என்று பார்த்துப் பார்த்து மளிகை வாங்கியவர். பிறகு தொலைபேசி கைமாறியது. கணவர் மாணிக்கம், துறைமுகத்தில் மேற்பார்வையாளராக இருந்தவர். பிறந்த தேதி, அடையாள அட்டையின் கடைசி எண்கள் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். சொல்லிவிட்டு, "அவ கேக்குறத எல்லாம் சொல்லிடுங்கம்மா, எனக்கு அந்தக் கார்டு என்ன கலருன்னுகூடத் தெரியாது."

வங்கியிலேயே இருக்கட்டும்

அவர்கள் மகள் மெல்பர்னில் தாதி. முதல் பிரசவம், அதற்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. பிரசவத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்து பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் செல்வமணி அம்மாளின் ஆசை. சாதாரண வகுப்பில் இருவர் போய்வரப் புள்ளி இருந்தது. மாணிக்கத்துக்கு வேறு ஆசை. மனைவிக்கு முதுகுவலி, ஒரு தடவையாவது காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போகட்டும் என்றார். இன்னும் மூன்று நான்கு மாதம் சேர்த்தால் அதுவும் கிடைத்துவிடும். மாணிக்கத்துக்குச் சிறுநீரகக் கோளாறு, மாதம் இரண்டு முறை மருத்துவமனை. அந்தக் கட்டணத்தையும் அட்டையில்தான் கட்டினார்கள். மருத்துவமனைச் செலவுக்குப் புள்ளி கிடையாது என்பதையும் நான்தான் சொன்னேன்.

"இப்பவே மைலா மாத்தி வச்சிரவா, இல்ல கார்டுலயே இருக்கட்டுமா?" என்று கேட்டார் மாணிக்கம். ஆரோக்கியசாமியை நினைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்ததையெல்லாம் நிதானமாக எடுத்துச் சொன்னேன். மைலாக மாற்றிவிட்டால் மூன்று வருடத்தில் செத்துப்போகும். எங்கள் வங்கியில் இருக்கும் புள்ளிக்கு ஆயுள் முடிவே கிடையாது. இருக்கை தெரிந்த பிறகு மாற்றினால் போதும், வங்கியிலேயே இருக்கட்டும். இந்தத் தொழிலில் விவரம் தெரிந்த எவரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். அது சரியான ஆலோசனை என்றுதான் இன்றைக்கும் எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது.

அவர் மனைவியிடம் நான் சொன்னதைத் திருப்பிச் சொல்வது கேட்டது. பிறகு என்னிடம், "இவ்வளவு தெளிவா எங்களுக்கு யாரும் எடுத்துச் சொன்னதில்லம்மா, நல்லாருங்க."

ஒரு கட்டம், ஒரு குறி

நான்கு மாதம் கழித்து அந்தக் குரல் மறுபடி வந்தது. இந்த முறை கணவரைக் கூப்பிடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "அவரு போயிட்டாரும்மா. பதினாறு நேத்து முடிஞ்சிது. எல்லா இடத்துலயும் சொல்லணும்னாங்க, அதான் ஒவ்வொண்ணா சொல்லிட்டு வர்றேன்." சேமநிதி, மின்கட்டணம், கைபேசி, அடுத்தது நாங்கள். ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்து, சொல்லி முடித்ததை அடித்துக்கொண்டே வந்திருக்கிறார்.

என் திரையில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அட்டைதாரர் இறந்தால் அதில் குறியிட வேண்டும். குறியிட்ட கணத்தில் முதன்மை அட்டையும் துணை அட்டையும் ஒன்றாகச் சாகும், புள்ளிகளும். ஆயுள் முடிவே இல்லை என்று நான் சொன்ன புள்ளிகள். நாம் கையெழுத்துப் போடும் படிவத்தின் பின்பக்கத்தில், யாரும் படிக்காத இடத்தில் அது இருக்கிறது. நான் படித்திருந்தேன். ஆனால் சிறுநீரகக் கோளாறு என்று சொன்ன மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது என்று அன்றைக்கு வாய் வரவில்லை.

ஒரு வாக்கியம் போதும். இப்போது தொலைபேசியை வைத்துவிடுங்கள், அவர் கைபேசியில் செயலியைத் திறந்து மைலாக மாற்றிவிடுங்கள், நாளைக்கு இந்த விஷயத்தைச் சொல்லுங்கள். அழைப்புகள் பதிவாகின்றன. வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கிற ஒப்பந்தத்தில் இருந்தேன், புதுப்பிக்கிற மாதம் அடுத்தது. செல்வமணி அம்மாள் மூச்சு விடுவது கேட்டது. சன்னலுக்கு வெளியே பாரந்தூக்கி ஒன்று ஒரு கொள்கலனைத் தூக்கி, எங்கும் வைக்காமல் அப்படியே நிறுத்தி வைத்திருந்தது. நான் அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை. என் அனுதாபங்கள் என்று சொல்லிவிட்டுக் கட்டத்தில் குறியிட்டேன். புள்ளிகளைப் பற்றி அதற்குப் பிறகுதான் சொன்னேன்.

அவர் நான் சொன்னதை ஒரு தடவை மெதுவாகத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அவரு போயிட்டா, நான் வாங்குன அரிசியெல்லாம் வாங்காத அரிசியா ஆயிருமா?"

நல்லெண்ணக் குழு

விதிவிலக்குக் கேட்டு எழுத ஒரு குழு உண்டு. அதன் பெயர் நல்லெண்ணக் குழு. கல்லூரியில் கற்றதையெல்லாம் அந்த ஒரு பக்கத்தில் போட்டேன். பதினேழு வருடச் செலவில் பெரும்பங்கு துணை அட்டையில் நடந்தது என்று மாதவாரியாக எடுத்துக் காட்டினேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது. வருந்துகிறோம். திருமதி செல்வமணி தம் சொந்தப் பெயரில் புதிய அட்டைக்கு விண்ணப்பித்தால் வரவேற்பு மைல்கள் வழங்கப்படும். அவரும் விண்ணப்பித்தார். படிவத்தில் ஆண்டு வருமானம் என்ற இடத்தில் இல்லத்தரசி என்று எழுதியிருந்ததால், வேறொரு பிரிவு அதை நிராகரித்தது. இரண்டு கடிதங்களுக்கும் மேலே ஒரே விமானம்தான் அச்சிட்டிருந்தது.

என் மேலாளர் சுமதி முப்பது வயதுப் பெண், கெட்டவள் இல்லை. என் மேசைக்கு வந்து, கடிதத்தைப் படித்துவிட்டு, தோளில் கை வைத்துச் சொன்னாள்: "டோன்ட் டேக் இட் டு ஹார்ட் லா ஆன்ட்டி, சிஸ்டத்துக்கு அவங்க ஹஸ்பண்ட்தான் கஸ்டமர், அவங்க ஜஸ்ட் சப் கார்டு."

முகம் பார்த்த நாள்

என் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். அடுத்த வருடம் நானே வேண்டாம் என்றேன். வேலையை விட்ட பிறகு ஒருநாள் லிட்டில் இந்தியாவில் மளிகைக் கடை வரிசையில் நின்றேன். முன்னால் இருந்தவரிடம் காசாளர் உறுப்பினர் அட்டை உண்டா என்று கேட்டாள். "எந்தக் கார்டும் இல்லம்மா, ரொக்கம்தான்" என்ற குரலை எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும். செல்வமணி அம்மாளின் முகத்தை அன்றுதான் பார்த்தேன். நான் நினைத்திருந்ததைவிடக் குள்ளம். நெற்றி வெறுமையாக இருந்தது.

வெளியே வந்ததும் நான் யார் என்று சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டட்டும் என்றுதான் சொன்னேன். அவர் பைகளைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். மகள் பயணச்சீட்டு எடுத்து அனுப்பும்வரை காத்திருந்து, குழந்தை பிறந்து பன்னிரண்டாம் நாள்தான் மெல்பர்ன் போய்ச் சேர்ந்திருக்கிறார். பிரசவ நேரத்தில் மகளுடன் வேலை பார்க்கும் பெண்கள்தான் பக்கத்தில் இருந்தார்களாம். மலிவு விமானம், முழங்கால் இடிக்கிற இருக்கை, இறங்கின பிறகு ஒரு வாரம் நிமிர முடியவில்லை. இதையெல்லாம் யாருக்கோ நடந்தது போலச் சொன்னார். அன்று நான் சொல்லாமல் விட்டதை அப்போது சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் சொன்னார்: "எல்லா ஆபீஸுலயும் நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள சாரின்னுட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டாங்கம்மா, நீங்க ஒருத்தங்கதான் அவருக்காகக் கொஞ்ச நேரம் பேசாம இருந்தீங்க."

பதினோரு வருட வேலையில் எனக்குக் கிடைத்த மிக மனமார்ந்த நன்றி அதுதான், அதைத் திருப்பிக் கொடுக்க எந்த எண்ணை அழைப்பது என்று எனக்கும் தெரியவில்லை.