ஜன்னலில் தொங்கிய என் மகனின் நெஞ்சு

இறால் கூடையை இறக்கி வைத்த நேரத்தில்தான் ஏலக்காரர் சொன்னார்: "டாக்டர் பாய் மவுத்தாயிட்டாராம்." பழவேற்காட்டில் அவரிடம் ஊசி போட்டுக்கொள்ளாத வீடு கிடையாது. அவர் இறந்ததைக் கேட்டுக் கூட இருந்தவர்கள் அழுதார்கள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. எங்கள் சண்டை இன்னும் முடியவில்லை.

என் மகன் ஏழுமலை விடாமல் இருமியபோது, பொன்னேரியில் எடுத்த எக்ஸ்ரே பிலிமை அவரிடம் கொண்டுபோனேன். ஜன்னல் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "சுத்தமா இருக்கு. சளிதான்" என்றார். மருந்து குடித்தும் பையன் இளைத்துக்கொண்டே போனான். ஒருநாள் வலை இழுக்க முடியாமல் படகிலேயே உட்கார்ந்துவிட்டான்.

மீஞ்சூரில் டிஜிட்டலில் படம் எடுத்தோம். அங்கிருந்த டாக்டரம்மா திரையில் அதைப் பெரிதாக்கி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து, கழுத்தடியில் காறை எலும்புக்குப் பின்னால் புகை மாதிரி ஒன்றைக் காட்டினார். டிபி. மாத்திரையில் குணமானான். பழைய மூச்சு மட்டும் திரும்பவில்லை. இன்றுவரை அவன் படகேறவில்லை.

இரண்டு படங்களோடும் போய், காத்திருந்தவர்கள் முன்னாலேயே கேட்டேன். "வெயில்ல கருவாடு காய வெக்கலாம் பாய், படம் பாக்கலாமா?"

அவர் பழைய பிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டி வெகுநேரம் பார்த்தார். "லேசா இருக்கு, செங்கேணிம்மா. அன்னைக்கே இருந்திருக்கு. நான்தான் பாக்கல" என்றார். வழியெல்லாம் சேர்த்து வைத்த திட்டெல்லாம் வீணாய்ப் போனது. அதற்கும் அவர்மேல் கோபம்தான்.

பிறகு அந்தப் பிலிமை அதே ஜன்னலில் ஆணியடித்து மாட்டினார். யார் இருமிக்கொண்டு வந்தாலும் அதைக் காட்டி, "இத தவற விட்டது நான்தான். மீஞ்சூர் போய் எடுத்துட்டு வா" என்று அனுப்புவார். போனில் படத்தைக் காட்டினால் பார்க்க மாட்டார். "பெரிய திரையில பாத்தவங்க எழுதித் தரட்டும்" என்பார்.

போகும்போதெல்லாம் கேட்பேன். "எம் புள்ள நெஞ்ச இன்னாத்துக்கு ஊருக்கே காட்றீங்க? குடுங்க."

"உனக்கு எதுக்கும்மா? உனக்குத்தான் எதுவும் மறக்காதே. எனக்குத்தான் வேணும்."

இப்போது அவர் மனைவி கூப்பிட்டுப் பிலிமைக் கொடுத்துவிட்டார். வெயில் பட்டு ஓரமெல்லாம் சுருண்டிருக்கிறது. பாயின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் புது டாக்டரிடம் நீட்டினேன். "என்கிட்ட கம்ப்யூட்டர் இருக்கு, பாட்டி" என்றார். "பாய்கிட்டயும் மூக்குக் கண்ணாடி இருந்துச்சி, இருந்தும் தவற விட்டாரு" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

பாயிடமிருந்து என்னிடம் மிஞ்சியது இந்தப் பிலிமும், ஆறாத கோபமும்தான். இரண்டையும் எடுத்துக்கொண்டு அடுத்த வாரமும் அந்தப் புது டாக்டரிடம் போவேன். அவர் அடித்த ஆணி இன்னும் அந்த ஜன்னலில் இருக்கிறது.