மாமா கொண்டுவந்த மறதிப் பெட்டிகள்

போன வாரம் மாமா போனில் கோல் எடுத்தார். ஹலோ இல்லை, சாப்பிட்டாயா என்ற விசாரிப்பும் இல்லை.

"மருமகளே, அந்த பேட்டரி கெடைக்குதாம்! இன்டர்நெட்ல ஒருத்தன் போட்டிருக்கான்!"

எந்த பேட்டரி என்று நான் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் அந்த பேட்டரி என்றால் ஒன்றுதான். பெட்டிகள் பழைய இரும்புக்குப் போய் எவ்வளவோ காலமாகிறது. மனிதர் பேட்டரியைத் தேடுவதை மட்டும் விடவில்லை. "மாடு தொலைஞ்ச பொறகு கயிறு வாங்கப் போறவன்" என்று அம்மா தன் தம்பியைப் பற்றிச் சொல்வாள். மாமா கயிற்றை இன்னும் விலை பேசிக்கொண்டிருக்கிறார்.

நான் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வருடம் அது. கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் ஒரு சின்ன வீட்டில் அப்பா, அம்மா, நான், அம்மாவின் கடைசித் தங்கையான சித்தி. அம்மாவும் மாமாவும் சித்தியும் கலஹா பக்கத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர்கள். மாமா கண்டி டவுனில் ரேடியோ, டீவி திருத்தும் கடையில் வேலை செய்துகொண்டு அங்கேயே தங்கியிருந்தார். சித்தி ஒரு காமண்ட் தொழிற்சாலையில் துணி தைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருடம் சித்திக்கு ஜோர்தானில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை சரிவந்தது. சித்திரைப் புது வருடம் முடிந்து வருகிற திங்கட்கிழமை பின்னேரத்துக்குள் பாஸ்போர்ட்டை ஏஜென்சியில் கொடுக்க வேண்டும். மாமா குதித்தார்.

"எங்க வீட்டுப் பொம்பளப் புள்ள கடல் தாண்டிப் போயி தச்சித்தான் சோறு திங்கணுமா? நான் செத்தா போயிட்டேன்?"

சித்தி சனிக்கிழமைகளில் டவுனுக்குப் போய் ஒரு கம்பியூட்டர் கோர்ஸ் படித்து முடித்திருந்தாள். அதைப் பிடித்துக்கொண்டார் மாமா. எங்கள் முன் அறையிலேயே ஒரு கம்பியூட்டர் வகுப்பு. சோதனை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் தோட்டத்துப் பிள்ளைகள் படிக்க வருவார்கள். சித்தி டீச்சர். எல்லா மெஷினையும் தானே பொருத்திப் பூட்டித் தருவதாகச் சொன்னார்.

அப்பா யோசித்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார். "சரி மச்சான். அந்தத் திங்கக்கெழம காலையில வகுப்பு நடந்தா அவ இங்கயே இருக்கட்டும். நடக்காட்டி போகட்டும். அதுக்கு மேல பேச்சில்ல."

மாமா ஒத்துக்கொண்டார். அம்மா ஒத்துக்கொண்டாள். சித்தி அப்போது அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் கழித்து ஓர் ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட நாலு பழைய டெர்மினல்கள் இறங்கின. டீவி மாதிரி திரை, முன்னால் தட்டெழுத்துப் பலகை, கறுப்பில் பச்சை எழுத்து. தூக்கினால் அரிசி மூட்டைக் கனம். நாலும் நாலு கொம்பனி செய்தவை. கூடவே ஒரேயொரு உண்மையான கம்பியூட்டர்.

"இந்த நாலுக்கும் மூள கெடையாது மருமகளே. மூள அந்த ஒரு கம்பியூட்டர்தான். வயர் இழுத்தா நாலு புள்ள ஒரே நேரத்துல படிக்கலாம். மூள ஒண்ணு, மொகம் நாலு."

"அப்ப ராவணனுக்குத் தம்பின்னு சொல்லு" என்றார் அப்பா.

அதுவரை எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. வயரைப் பூட்டியதும் ஆரம்பித்தது சனி.

முதல் பெட்டியில் தப்பாகத் தட்டியதை அழிக்கப் போனால், அழியாது. தொப்பி வைத்த ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கும். இன்னும் அழித்தால் இன்னும் தொப்பிகள். இரண்டாவதில் மேலே போகச் சொல்லி அம்புக்குறியை அமுக்கினால், மேலே போகாமல் இங்கிலீஷில் A என்று எழுதும். கீழே என்றால் B. மூன்றாவது, கொஞ்சம் வேகமாக ஏதாவது சொன்னால் பாதியை விழுங்கிவிடும். அப்பா அதற்குக் கம்பளைப் பெரியப்பா என்று பெயர் வைத்தார். ஒரு நேரத்தில் ஒரு சொல்தான் அவர் காதில் ஏறும். நாலாவது, ஒரு வரி முடிந்தால் இடது பக்கம் திரும்பி வராது. விட்ட இடத்துக்கு நேர் கீழே அடுத்த வரியைத் தொடங்கும். எழுத்தெல்லாம் படிக்கட்டு மாதிரி இறங்கி வலது மூலையில் காணாமல் போகும்.

மாமா அசரவில்லை. "ஒண்ண திருத்திட்டா நாலும் சரியாயிரும். ஒரு பான சோத்துக்கு ஒரு சோறு பதம்."

"இது நாலு பானடா" என்றாள் அம்மா.

அம்மா சொன்னதுதான் சரி. ஒன்றுக்குச் சொன்னது மற்றதற்கு ஆகாது. கம்பியூட்டருக்குள் ஒரு கோப்பு இருக்கிறது. இன்ன பெட்டிக்கு இன்ன சுபாவம், திரையைத் துடைக்கச் சொல்வதானால் இப்படிச் சொல், இதோடு பேசும்போது வரிக்கு வரி மூச்சு விடு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அதில் எழுத வேண்டும். அது போதாதென்று பெட்டிக்குள்ளும் ஓர் அமைப்புத் திரை உண்டு. அதில் வேகம், வரி திரும்பும் விதம் என்று வரிசையாகத் தெரிவு செய்ய வேண்டும். உள்ளே வைத்ததும் கோப்பில் எழுதியதும் பொருந்தினால்தான் பேச்சு நடக்கும். சம்பந்தம் பேசுவது மாதிரி. ஒரு பக்கம் தலையாட்டும்போது மறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

மாமா தினமும் கடை மூடியதும் பஸ் ஏறி வந்து அந்தப் பெட்டிகளின் முன்னால் கதிரையைப் போட்டு உட்காருவார். வியர்த்து, தலையைச் சொறிந்து, யாரோ எழுதிய இங்கிலீஷ் விளக்கத்தைத் திட்டி, ஒரு வழியாக இரண்டு பெட்டியைச் சரிபண்ணி, நிப்பாட்டாமல் அப்படியே விட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு ஓடுவார். அடுத்த நாள் வந்து பார்த்தால், இரண்டும் பழைய குருடி, கதவைத் திறடி. தொப்பி, படிக்கட்டு, A, B.

முதல் நாள் தன்னையே சந்தேகப்பட்டார். இரண்டாம் நாள் கம்பியூட்டரை. நேற்றுச் சரியாக இருந்த கோப்பை இன்று மாற்றி எழுதுவார். நாளைக்கு அதையும் மாற்றுவார். எது சரி, எது பிழை என்று அவருக்கே தெரியாத நிலைமை வந்தது. அதன்பிறகு சந்தேகம் என் மேல் திரும்பியது.

"உண்மையச் சொல்லு. நீதானே நோண்டுறே?"

"நான் தொடவே இல்ல மாமா."

"பின்ன பேய் வந்து தொடுதா?"

அன்றிலிருந்து முன் அறையைக் கடக்கும்போது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும் என்று எனக்குச் சட்டம். அப்பாவுக்கும் பொறுமை போய்விட்டது. விருந்தாளி வந்தால் உட்கார வைக்க இடமில்லை. "வேலியில போன ஓணான வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டோம்" என்றார்.

 சித்தி மட்டும் மாமாவுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பாள். துணி மடிக்கும்போது எனக்கு ஒரு புது விளையாட்டு சொல்லித் தந்தாள். ஒரு சட்டைக்கு வாஹித், அடுத்ததற்கு இத்னேன், பிறகு தலாத்தா. அரபியில் எண்ணுகிறோம் என்றாள். யாரிடம் படித்தாய் என்று நான் கேட்கவில்லை. எண்ணி முடிப்பதிலேயே எனக்கு அவசரம்.

திங்கட்கிழமைக்கு முந்திய சனிக்கிழமை மாமா லீவு போட்டுக் காலையிலேயே வந்தார். மத்தியானத்துக்குள் நாலு பெட்டியும் வழிக்கு வந்துவிட்டன. அவர் ஒரு பாட்டைக்கூட முணுமுணுக்கத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து ஹந்தானை மலைப் பக்கம் வானம் கறுத்தது. சித்திரை மாதத்தில் எங்கள் பக்கம் பின்னேர இடி சொல்லிவைத்த மாதிரி வரும்.

முதல் இடி உருண்டதும் அடுப்படியிலிருந்து சித்தி வந்தாள். "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்லிக்கொண்டே டீவி பிளக்கைப் பிடுங்கினாள். அன்டெனா வயரைப் பிடுங்கினாள். ஃபிரிட்ஜைப் பிடுங்கினாள். குனிந்து, மேசைக்கடியில் இருந்த நாலு பெட்டிகளின் பிளக்கையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டாள். லயத்தில் இடி விழுந்து ரேடியோ எரிந்துபோன காலத்திலிருந்து அவர்கள் வீட்டு வழக்கம் அது. இடித்தால் பிடுங்க வேண்டும். மழை விட்டால் மாட்ட வேண்டும். தினமும் நடப்பதுதான். கண் முன்னால் நடப்பதை யார் கவனிப்பது?

மாமா கையில் ஸ்க்ரூட்ரைவரோடு அப்படியே நின்றார்.

"நீ தெனமும் இதச் செய்வியா?"

"இடிச்சா புடுங்கத்தானே வேணும்ணே."

"இந்தப் பெட்டிகளையுமா?"

"பெட்டிக்குன்னு தனியா இடி வருமா?"

மாமா தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து ஒரு பெட்டியின் முதுகைக் கழற்றினார். உள்ளே பொட்டு அளவில் ஒரு பேட்டரி, பச்சைப் பாசி பிடித்துச் செத்துக்கிடந்தது. பெட்டிக்குச் சொன்னதையெல்லாம் ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டியது அதுதானாம். அது செத்ததால், கரண்ட் நின்றதும் பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிடும். நாலிலும் அதே கதை.

"கரண்ட நிப்பாட்டுனா பொறந்த கொணத்துக்கே போயிருது அக்கா!"

"பொறவிக் கொணத்த மட்ட வச்சுக் கட்டுனாலும் நிக்குமா?" என்றாள் அம்மா.

அந்த பேட்டரி கண்டியில் இல்லை, கம்பளையில் இல்லை. ஆகவே மாமா வேறு வழி பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் நாலையும் சரிபண்ணினார். பிளக்குகளின் மேல் சிவப்பு டேப்பைக் குறுக்கே ஒட்டினார். இனி இடி விழுந்து வீடு எரிந்தாலும் இதில் யாரும் கை வைக்கக் கூடாது என்றார். அன்று பின்னேரம் இடித்தபோது தானே மேசைக்கடியில் காவலுக்கு உட்கார்ந்துகொண்டார். சித்தி சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு வாசற்படியில் நின்றாள். கரண்ட் போகாமல் இருக்கப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தார் மாமா. பிள்ளையாரும் காப்பாற்றினார்.

பொழுது சாய நாலு திரையிலும் இங்கிலீஷ் எழுத்தில் வணக்கம் என்று பச்சையாக மின்னியது. அப்பா கை தட்டினார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இனி ஒன்ன யாரும் எங்கயும் அனுப்ப மாட்டாங்க" என்று மாமா சித்தியின் தலையைத் தடவினார். சித்தி சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த சட்டியை எடுத்து மறுபடி கழுவினாள். சந்தோஷம் தலைக்கேறிவிட்டது என்று நான் நினைத்தேன்.

திங்கட்கிழமை காலையில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. கலஹா பஸ்ஸில் வருகிறவர்களைக் கூட்டிவர மாமா கண்டி பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தார். நான் பின்பக்கம் நின்று பல் விளக்கிவிட்டு உள்ளே வந்தேன். சித்தி புதுச் சேலை கட்டிக்கொண்டு, மேசைக்கடியிலிருந்து நிமிர்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், டேப்பின் ஓரத்தைப் பெருவிரலால் நீவி ஒட்டினாள்.

நல்ல நேரத்துக்கு ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். நாலு பிள்ளைகள், கூட வந்த இரண்டு தாய்மார். விளக்கேற்றித் தேங்காய் உடைத்தார்கள். மாமா மாப்பிள்ளை மாதிரி முதல் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து தட்டினார். தொப்பி. அடுத்ததில் A. மூன்றாவது பாதியை விழுங்கியது. நாலாவதில் வணக்கம் படி இறங்கிப் போனது.

"இது என்ன பாஷங்க, சிங்களமா?" என்று ஒரு தாய் மெதுவாகக் கேட்டாள்.

"பைத்தியம்மா, பைத்தியம்!" என்றார் மாமா. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஓடினார். தொட்டது எதுவும் சரிவரவில்லை. டேப் ஒட்டியபடியே இருந்தது. ராத்திரி எங்களுக்குத் தெரியாமல் கரண்ட் போயிருக்க வேண்டும் என்று அவரே முடிவுக்கு வந்து, கரண்ட்காரனைத் தலைமுறை தலைமுறையாகத் திட்டினார். வெயில் உச்சிக்கு ஏறியது. பிள்ளைகள் தேத்தண்ணி குடித்துவிட்டு எழுந்தார்கள். அப்பா மாமாவின் தோளில் கை வைத்து, "விடு மச்சான், பேசினது பேசினதுதான்" என்றார். சித்தி ஏற்கெனவே கைப்பையை எடுத்து வைத்திருந்தாள். பாஸ்போர்ட் அதற்குள் இருந்தது.

அவள் வாசலில் செருப்பு மாட்டும்போது நான் பக்கத்தில் போய்க் கேட்டேன்.

"சித்தி, இன்னைக்கு இடியே இடிக்கலயே. ஏன் பிளக்கப் புடுங்குன?"

சித்தி உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு குனிந்து என் காதோரம் சொன்னாள்.

"தூரத்துல இடிச்சிச்சுடி. ஒனக்குக் கேக்கல."

இருக்கும் என்று தலையாட்டினேன். சித்திக்கு என்னைவிடக் காது கூர்மை என்று எனக்குத் தெரியும். அவள் போன பிறகு நான் முற்றத்தில் நின்று ஹந்தானைப் பக்கம் பார்த்தேன். ஒரு பொட்டு மேகம் இல்லை. மூச்சை அடக்கி, இரண்டு காதிலும் கையைக் குவித்து வைத்து, அந்த இடியை வெகுநேரம் தேடிக்கொண்டிருந்தேன்.