பச்சைக்கல் காயும்வரை விராட பர்வம்

பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் செங்கல் சூளை போடுகிற மாதுவுக்கு விராட பர்வம் தலைகீழ்ப் பாடம். வினையே அதில்தான் வந்தது. மழை பொய்த்தால் அந்த ஊரில் விராட பர்வம் சொல்ல வேண்டும். பகைவர் ஓட்டிப்போன மாடுகளை அர்ச்சுனன் மீட்டுக்கொண்டு வந்ததும் மழை பெய்யும் என்பது நம்பிக்கை. மாதுவும் நம்புகிறவன்தான். அந்த வருஷம் சோளம் கருகி ஊரே வந்து கேட்டபோது, அவனுடைய களத்தில் பச்சைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. சுடாத கல் ஒரே மழையில் சேறாகிவிடும்.

மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சாயங்காலம் கோயில் வாசலில் கதையை ஆரம்பித்தான். ஆனால் நகரவிடவில்லை.

சமையல்காரனாக வேஷம் போட்ட பீமன் ஒரு சாயங்காலம் முழுக்கக் களி கிண்டினான். அதுவும் தீர்ந்தபோது மாது அக்கம்பக்கத்து வீடுகளில் கதை கடன் வாங்கினான். கன்னடம் பேசுகிறவர்களின் மாதேஸ்வரன் புலிமேல் வந்து அரண்மனையில் தங்கினார். தெலுங்கு வீட்டு எல்லம்மா மணலில் குடம் வனைந்து பீமனுக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். அந்தோணியார் விராட நாட்டு ஏரியில் மீன்களுக்குப் பிரசங்கம் செய்தார்.

சூளையில் மண் மிதிக்கிற இன்னாசி வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன். அவனுக்குச் சந்தேகம் வந்தது.

"எங்க சாமி அங்க எப்பிடிப்பா வந்தாரு?"

"அஞ்ஞாத வாசம்ப்பா. யாரு வேணா வரலாம்."

இன்னாசிக்கு அது நியாயமாகப் பட்டது. மறுநாள் வீட்டுக்காரியையும் கூட்டி வந்தான்.

கல் காய்ந்தது. சூளையில் அடுக்கி நெருப்பு வைத்த அன்றைக்கே அர்ச்சுனன் அவசர அவசரமாக மாடுகளை மீட்டான். மழை வரவில்லை. இத்தனை விருந்தாளி வந்தால் மழைக்கு எங்கே இடம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். மாது அடுத்த சூளைக்குப் பச்சைக்கல் அறுத்துக் களத்தில் பரப்பினான்.

அப்போதுதான் பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள் தன் மாட்டைப் பிடித்துக்கொண்டு அந்த வழியாகச் சந்தைக்குப் போனாள். தீவனம் இல்லை.

"கதையில மாடு வந்துடுச்சு மாது. என் மாடு போவுது."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தன் கல்லுக்காக ஊரையே காயப்போட்டுவிட்டோமே என்று மாதுவுக்கு உறைத்தது.

"அக்கா, இந்தச் சந்தை வேணாங்க. அடுத்த சந்தைக்கு ஓட்டிக்கலாம்," என்றான். அவள் மாட்டைத் திருப்பினாள்.

அன்று சாயங்காலமே முதலிலிருந்து ஆரம்பித்தான். இந்தத் தடவை புலியும் இல்லை, குடமும் இல்லை. அந்தோணியார் வராததில் இன்னாசிக்கு மட்டும் வருத்தம்.

"ஏங்க, இந்தக் கல்லும் சூளைக்கு ஏறட்டுமே. அப்புறம் சொல்லக் கூடாதா?" என்று மனைவி தீர்த்தம்மாள் கேட்டாள்.

"மாடு அதுவரைக்கும் தாங்காது," என்றான்.

சந்தைக்கு முந்தின நாள். அர்ச்சுனன் தேரேறி மாடுகளை மடக்கியபோது மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. பெரிய பெரிய துளியாக விழுந்தது. தீர்த்தம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"கல்லெல்லாம் நனையுதுங்க. தார்ப்பாய் போடணும், எந்திரிங்க."

மாது களத்துப் பக்கம் ஒரு தரம் பார்த்தான். எழுந்திருக்கவில்லை.

"இரு புள்ள. மாடு இன்னும் வூடு வந்து சேரல."

குள்ளம்மாள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, நன்றாகக் கேட்கட்டும் என்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.