காருக்குப் பின்னால் ஓடும் டல்சி

கனடாவின் ஒன்டாரியோவில் வண்டிப் பந்தயக் குதிரைகளைப் பழக்கியே நரைத்தவர் வெண்டல் பிக்கார்டு. பந்தயம் பார்க்க ஈ காக்கை வராது. பரிசுப் பணமெல்லாம் அரசு மானியம். அதை நிறுத்தினார்கள். மைதானமும் மூடியது. தன் குதிரை டல்சியை, மதக் கட்டுப்பாட்டால் கார் வைத்துக்கொள்ளாமல் குதிரை வண்டியிலேயே போகும் ஆமிஷ் விவசாயி மெனோவுக்கு விற்றார்.

மறுவாரமே மெனோ அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். “கார் முந்திப்போனா பின்னாடியே பறக்குதுண்ணே. பிள்ளைகளோட வண்டி பள்ளத்துல கவுந்துடுச்சு.”

“குதிரைங்களை வரிசைப்படுத்த முன்னாடி ஒரு கார் போகும்; பந்தயமே அது பின்னாடி ஓடித்தான்பா ஆரம்பிக்கும். நான்தான் பழக்கினேன்.”

வேறு யாரும் வாங்கவில்லை. கடைசியில் இறைச்சிக்கூடத்து லாரி வந்து, முற்றத்தில் மெதுவாகத் திரும்பியது. டல்சி காதை நிமிர்த்திக்கொண்டு, யாரும் இழுக்காமலே அதன் பின்னால் ஓடியது.